பழைய கணினி வன்தட்டைக் காணாதபோது

பழைய மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்று, கருந்திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, விண்டோஸின் முகப்பு வரவேண்டிய நேரத்தில் வன்தட்டைக் காணவில்லை என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வரி மட்டும் வந்து நின்றுவிட்டால், தட்டு போய்விட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுவது பரவலான வழக்கமாக இருக்கிறது. இந்த அவசர முடிவால் நல்ல தட்டுகள் குப்பைக்குப் போவதும், அதைவிட மோசமாக, உண்மையிலேயே உயிர் ஊசலாடும் தட்டுகள் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்கப்பட்டு மீட்க முடியாத நிலைக்குத் தள்ளப்படுவதும் நேர்கின்றன. திரையில் வரும் வரி, தொடக்கப் பணிகளின் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதைத்தான் சொல்கிறது. எந்தப் பொருள் பழுதானது என்பதை அது சொல்வதில்லை. அந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு, செலவில்லாத காரணங்களில் தொடங்கிச் செலவுள்ளவற்றை நோக்கி ஒவ்வொன்றாக நகர்வதே பழுது காணும் முறை.

இருபது ஆண்டுப் பழமையான கணினியை இன்னும் யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் தமிழகத்தின் சிறு அச்சகங்களையும் டிடிபி மையங்களையும் நினைத்துப் பார்க்கலாம். 2001-இல் வெளிவந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கர் மென்பொருளிலும், யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களிலும் வடிவமைக்கப்பட்ட நூல்களும் மலர்களும் அழைப்பிதழ்களும் அவை பிறந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினியில்தான் சிக்கலின்றித் திறக்கின்றன. ஆகவே 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கான பொது ஆதரவு முடிந்த பிறகும் அத்தகைய கணினிகள் மூலையில் தூசி படிய உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் வன்தட்டில் கிடப்பது பல சமயம் வேறெங்கும் படி இல்லாத உழைப்பு என்பதால், இந்தப் பழுதைக் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது.

கணினிக்கு மின்சாரம் கிடைத்ததும் முதலில் இயங்குவது மதர்போர்டின் சில்லு ஒன்றில் பதிந்திருக்கும் பயாஸ் என்னும் அடிப்படை நிரல். அது நினைவகம், விசைப்பலகை முதலிய பாகங்களைச் சோதிக்கும் ‘போஸ்ட்’ என்ற தற்சோதனையை நடத்தி, அதன் போக்கில் தட்டுகளை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்க்கிறது. பதில் தந்த தட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அவற்றின் இறுதியில் 55, ஏஏ என்ற பதினறும எண் முத்திரை இருக்கக் கண்டால், அங்கே எழுதப்பட்டுள்ள சிறு நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. அந்தச் சிறு நிரல்தான் விண்டோஸைத் தேடி எழுப்புகிறது. எனவே தட்டு பதிலே தராமலிருப்பது ஒரு நோய், தட்டு பதில் தந்தும் அதில் இயங்குதளம் கிடைக்காமலிருப்பது வேறொரு நோய். ‘பிரைமரி மாஸ்டர் ஹார்ட் டிஸ்க் ஃபெயில்’ என்ற வரி முதலாவதைச் சேர்ந்தது. ‘என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்’ என்பது, பயாஸ் தட்டைக் கண்டு படித்த பின்னரே வரக்கூடியது என்பதால், இரண்டாவதைச் சேர்ந்தது. ‘டிஸ்க் பூட் ஃபெயிலியர்’ என்ற வரியோ இரண்டுக்கும் பொதுவாக வந்து குழப்பும். குழப்பத்தைத் தீர்க்க, கணினியை மீண்டும் தொடங்கி டெலீட் விசையையோ எஃப்2 விசையையோ அழுத்தி பயாஸ் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று, தட்டின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பார்ப்பதே வழி. பெயர் தெரிந்தால் கேபிளையும் மின்சாரத்தையும் உடனே சந்தேகிக்க வேண்டியதில்லை. செருகி மறந்த பென்டிரைவோ, உள்ளே விட்டுவைத்த ஃபிளாப்பியோ, மாறிப்போன தொடக்க வரிசையோ காரணமாக இருக்கலாம்.

அந்த வரிசை ஏன் தானாக மாறுகிறது என்பதில்தான் பழைய கணினிகளின் முதன்மையான சிக்கல் இருக்கிறது. ஐபிஎம் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ஏடி கணினியில், நேரம் காட்டுவதற்காக மோட்டரோலாவின் எம்சி146818 என்ற சில்லு வைக்கப்பட்டது. அதிலிருந்த 64 பைட் நினைவகத்தில் 14 பைட்டுகள் கடிகாரத்துக்குப் போக, எஞ்சிய 50 பைட்டுகளில் என்ன தட்டு பொருத்தப்பட்டிருக்கிறது என்பது உள்ளிட்ட அமைப்பு விவரங்கள் வைக்கப்பட்டன. மின்சாரம் இல்லாதபோதும் அழியாதிருக்க அந்த நினைவகத்துக்கு மின்கலம் ஒன்று தேவைப்பட்டது. சீமாஸ் நினைவகம் என்றும் சீமாஸ் பேட்டரி என்றும் பின்னர் வழங்கலான அந்த ஏற்பாடு, வட்டக் காசு போன்ற சிஆர்2032 மின்கலத்தின் உருவில் இன்றுவரை தொடர்கிறது. 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட இந்த 3 வோல்ட் மின்கலம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் ‘சீமாஸ் செக்சம் எர்ரர்’ என்ற வரி வரும், தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய் ஏதோ ஒரு ஜனவரி 1-இல் நிற்கும், பயாஸ் தனக்குத் தெரிந்த ஆலை அமைப்புகளை எடுத்துக்கொள்ளும்.

ஆலை அமைப்புகள் எடுத்துக்கொள்ளப்படுவதன் விளைவுகள் பல. என்றோ கழற்றியெறியப்பட்ட ஃபிளாப்பி டிரைவ் இருப்பதாக பயாஸ் நம்பி, அதைக் காணாமல் ‘ஃபிளாப்பி டிஸ்க் ஃபெயில்’ என்று சொல்லி எஃப்1 விசைக்காகக் காத்து நிற்கும். தட்டின் வகையைத் தானே அறியும் வசதி பரவாத 1990-களின் தொடக்கக் கணினிகளில், தட்டின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்து சிலிண்டர், தலை, பிரிவு ஆகியவற்றின் எண்ணிக்கையை 47-ஆம் வகை என்ற இடத்தில் கையால் நிரப்பியாக வேண்டும். அந்த எண்கள் அழிந்துவிட்டால் நலமாயிருக்கும் தட்டும் இல்லாததாகிவிடும். பின்னாளில் வந்த சாட்டா என்னும் இணைப்பு வகைத் தட்டுள்ள கணினிகளில் விளைவு இன்னும் நுட்பமானது. சாட்டா தட்டோடு பேசுவதற்குப் பயாஸில் பழைய ஐடிஇ முறை, புதிய ஏஎச்சிஐ முறை என இரண்டு இருக்க, மின்கலம் தீர்ந்ததும் ஒன்று மற்றொன்றாக மாறிவிடக்கூடும். ஏஎச்சிஐக்கான இயக்கி நிரலைத் தன்னுள் கொண்டிராத எக்ஸ்பி, தான் குடியிருக்கும் தட்டையே அணுக இயலாமல், 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத்திரை காட்டி நின்றுவிடும். தட்டை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவதுதான் மருந்து என்று பலர் நம்பும் இந்த நோய்க்கு, காசு மின்கலத்தை மாற்றி, பயாஸில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். தேதி தவறாக இருக்கும் கணினியில் வேறெதையும் தொடுவதற்கு முன் மின்கலத்தை மாற்றுவது எப்போதும் சரியான முதல் அடி.

பயாஸ் பக்கத்தில் தட்டின் பெயர் தெரியாவிட்டால் பெட்டியைத் திறக்க வேண்டும். சுவர் இணைப்பை முழுதாகப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை வெளியேற்றிய பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது, ஏனெனில் இணைப்பைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

2003-க்கு முந்தைய கணினிகளில் தட்டை மதர்போர்டோடு இணைப்பது, நாடா போன்ற அகன்ற ஐடிஇ கேபிள். அதன் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு முதல் ஊசியின் பக்கத்தைக் குறிக்கிறது. தொடக்கத்தில் 40 கம்பிகளைக் கொண்டிருந்த இந்த நாடா, வேகம் கூடியபோது ஒவ்வொரு குறிப்புக் கம்பிக்கும் இடையே ஒரு தரைக்கம்பி சேர்ந்து 80 கம்பிகள் கொண்டதாயிற்று. அந்த 80 கம்பி நாடாவில் நீல முனை மதர்போர்டுக்கும், கோடியிலுள்ள கறுப்பு முனை மாஸ்டர் எனப்படும் முதல் தட்டுக்கும், நடுவிலுள்ள சாம்பல் முனை ஸ்லேவ் எனப்படும் இரண்டாம் தட்டுக்கும் உரியவை. ஒரே நாடாவில் இரண்டு கருவிகள் தொங்குவதால், யார் முதல்வர் என்பதைக் கருவியின் பின்புறத்தில் ஊசிகளின் மேல் மாட்டப்படும் ஜம்பர் என்ற சிறு உறை தீர்மானிக்கிறது. சிடி டிரைவ் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தவர், அதையும் மாஸ்டர் நிலையிலேயே விட்டுவிட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லப்போய் இரண்டுமே காணாமற்போகும். சில தட்டுகளில் தனித்த தட்டுக்கு ஒரு ஜம்பர் நிலையும், துணையோடு இருக்கும் மாஸ்டருக்கு வேறொரு நிலையும் உண்டு என்பதால், துணையாக இருந்த டிரைவைக் கழற்றியதாலேயே வன்தட்டு மறைந்துபோவதும் உண்டு. தட்டின் மேலுள்ள சீட்டில் இந்த நிலைகள் படமாகவே வரையப்பட்டிருக்கும்.

நாடாவின் உடல்நிலையை அறிய ஒரு நல்ல அடையாளம் பயாஸ் திரையிலேயே கிடைக்கிறது. தட்டை அழைக்கும்போது பயாஸ் அனுப்பும் கட்டளைக்கு, தட்டு தன் மாதிரிப் பெயரை எழுத்துகளாகவும் கொள்ளளவை எண்ணாகவும் திருப்பி அனுப்புகிறது. நாடாவின் ஒரு கம்பி அறுந்தோ ஓர் ஊசி வளைந்தோ இருந்தால் அந்த எழுத்துகளில் சில பிழையாக வந்து, பெயர் சிதைந்து தோன்றும். சரியாகப் பேசும் தட்டுக்குத் தன் பெயர் தவறாது. பெயரில் விசித்திரமான குறியோ பொருந்தாத எழுத்தோ கண்டால் தட்டைப் பழிக்காமல், விளக்கை அருகில் பிடித்து ஊசி வரிசையைப் பார்த்து, வளைந்த ஊசியை மெல்லிய இடுக்கியால் நிமிர்த்தி, வேறு நாடா மாட்டிப் பார்ப்பது நலம். வரிசையில் 20-ஆம் ஊசி இல்லாதிருப்பது, நாடாவைத் தலைகீழாக மாட்டாதிருக்கச் செய்த ஏற்பாடு. அதை உடைந்த ஊசி என்று எண்ணிக் கவலைப்பட வேண்டாம்.

ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா கேபிளில் ஜம்பர் தொல்லை இல்லை. ஆனால் தொடக்ககாலக் கேபிள்களில் பூட்டும் கொக்கி இல்லாததால் அவை எளிதில் தளர்ந்துவிடும். கழற்றி அழுத்தி மாட்டுவதும், மதர்போர்டில் வேறு வாய்க்கு மாற்றிப் பார்ப்பதும் போதுமானவை.

கேபிள் சரியாக இருந்தும் தட்டு தெரியாவிட்டால் கையையும் காதையும் பயன்படுத்த வேண்டும். கையை மெல்லத் தட்டின் மேல் வைத்தபடி கணினியைத் தொடங்கினால், நலமான தட்டு சீராக வேகமெடுத்துச் சுழல்வதை உணர முடியும். எந்த அசைவும் இல்லையென்றால் மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம்: நான்கு கம்பி மின்முனையில் மஞ்சள் 12 வோல்ட்டையும் சிவப்பு 5 வோல்ட்டையும் கறுப்பு இரண்டும் தரையையும் குறிக்கின்றன. தட்டின் மோட்டாரைச் சுழற்றுவது 12 வோல்ட் என்பதால், மூப்படைந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அது 11.4-க்குக் கீழே இறங்கினால் தட்டு எழ முடியாமல் திணறும். குளிர்ந்த நிலையில் முதல்முறை தெரியாத தட்டு, கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி மறுதொடக்கம் செய்ததும் தெரிந்தால், அது சுழன்று வேகமெடுப்பதற்குள் பயாஸ் சோதனையை முடித்துக்கொண்டது என்று பொருள். பயாஸில் விரைவுத் தொடக்கத்தை நிறுத்தி வைத்தால் தற்காலிகமாகச் சரியாகும், ஆனால் தட்டோ எஸ்எம்பிஎஸ்ஸோ களைத்துவிட்டது என்ற எச்சரிக்கையாகவே அதைக் கொள்ள வேண்டும். மதர்போர்டில் உருளை வடிவ மின்தேக்கிகளின் தட்டையான தலை உப்பியிருப்பதும் இத்தகைய தடுமாற்றத்துக்குக் காரணமாகும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்யப்பட்ட பலகைகளில் இக்குறை மிகப் பரவலாக இருந்தது.

தட்டு சுழன்றும், ஒரே இடைவெளியில் ‘டிக், டிக்’ என்று தட்டும் ஒலி கேட்டால் எல்லாச் சோதனைகளையும் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். தகவலைப் படிக்கும் தலை தன் இடத்தைக் கண்டுகொள்ள முடியாமல் திரும்பத் திரும்ப முயலும் ஒலி அது. ஒவ்வொரு முயற்சியும் தட்டின் மேற்பரப்பைச் சிதைக்கக்கூடும். குளிர்பெட்டியில் வைத்தெடுப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறப்பது போன்ற கைவைத்தியங்கள் தேவையான கோப்புகளைக் காவு வாங்கும். அந்த நிலையில் தகவல் மீட்பு நிபுணரிடம் செல்வது ஒன்றே வழி.

ஒலி இயல்பாக இருந்து, படிப்பதில் மட்டும் தடுமாற்றம் இருந்தால் நேரம் இன்னும் இருக்கிறது. பழுதாகும் தட்டின் மீது விண்டோஸின் ‘செக் டிஸ்க்’ பழுதுநீக்கியை ஓட்டுவது தவறு, ஏனெனில் அது படிப்பதோடு நில்லாமல் எழுதவும் செய்கிறது. தட்டைக் கழற்றி, தனி 12 வோல்ட் இணைப்புள்ள யூஎஸ்பி மாற்றி வழியாக நல்ல கணினியொன்றில் மாட்டி, லினக்ஸில் இயங்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலால் முழுப்படி எடுப்பது சிறந்தது. அது நல்ல பகுதிகளை முதலில் வாரியெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகே திரும்பி வருகிறது.

படி எடுத்த வேறு தட்டைப் பழைய கணினியில் பொருத்தும்போது கொள்ளளவு எல்லைகள் குறுக்கிடும். தட்டின் முகவரியை 28 இரும இலக்கங்களில் எழுதிய காலத்துப் பயாஸுக்கு 137 ஜிகாபைட்டுக்கு மேல் தெரியாது. அதற்கும் முந்தையவை 33.8, 8.4 ஜிகாபைட்டுகளிலும், மிகப் பழையவை 528 மெகாபைட்டிலும் நின்றுவிடும். சில பயாஸ்கள் பெரிய தட்டைக் கண்டதும் தற்சோதனையிலேயே உறைந்துபோவதால், அதுவும் தட்டின் பழுதாகத் தோன்றி ஏமாற்றும்.

கோப்புகளை மட்டும் தனியாக எடுப்பவர்கள் மறந்துவிடுவது, விண்டோஸ் கோப்புறையினுள் இருக்கும் ஃபான்ட்ஸ் என்ற உட்கோப்புறை. பேஜ்மேக்கர் கோப்புகள் அனைத்தும் பத்திரமாக வந்து சேர்ந்தும், அவற்றை அடுக்கிய பழைய தமிழ் எழுத்துரு வராவிட்டால், திறக்கும் பக்கமெங்கும் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ரோமன் எழுத்துகளும் குறிகளுமே நிரம்பியிருக்கும். ஆகவே தட்டு உயிரோடிருக்கும்போதே முதலில் படியெடுக்க வேண்டியவற்றுள் அந்தச் சிறு கோப்புறையும் ஒன்று.