மழைக்கு அஞ்சாத மர வண்டி!

அமெரிக்கக் குடும்பங்கள் வீட்டுக் கொல்லையில் கட்டும் நடமாடும் வீடு

இடி இடித்தது. மின்னல் வெட்டியது. மழை கொட்டு கொட்டென்று கொட்டியது.

மனைவி மக்களுடன் உல்லாசப் பயணம் வந்த ஒருவர், காரின் பின்னால் கட்டி இழுத்து வந்த வண்டியோடு போராடிக்கொண்டிருந்தார். அது கூடாரம் போல விரியும் வண்டி. "சில நிமிடங்களில் விரித்துவிடலாம்" என்று சொல்லித்தான் அவருக்கு அதை விற்றிருந்தார்கள். ஆனால் அன்றைக்கு அது விரிந்தபாடில்லை! குடும்பம் முழுவதும் நனைந்ததுதான் மிச்சம்.

இது நடந்தது 1929-ம் ஆண்டில், அமெரிக்காவில். நனைந்தவர் பெயர் ஆர்தர் ஷெர்மன். டெட்ராயிட் நகரத்துக்காரர். கிருமிகளைப் பற்றி ஆராயும் விஞ்ஞானி. மருந்துக் கம்பெனி நடத்தியவர்.

"இனி இந்த வம்பே வேண்டாம்" என்று அவர் முடிவு செய்தார். தாமே ஒரு வண்டிக்குத் திட்டம் போட்டார். ஒரு தச்சரை வைத்துக் கட்டவும் செய்தார்.

அந்த வண்டி 6 அடி அகலம், 9 அடி நீளம். மர நாரை அழுத்திச் செய்த பலகையால் ஆன சுவர்கள். உள்ளே அடுப்பு, ஐஸ் பெட்டி, அலமாரி எல்லாம் உண்டு. விரிக்கவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம். கதவைத் திறந்தால் வீடு!

ஷெர்மனின் குழந்தைகள் அதற்குக் "கூண்டு வண்டி" என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1930 ஜனவரியில் டெட்ராயிட் மோட்டார் கண்காட்சியில் அந்த வண்டியை வைத்தார். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் "எனக்கு ஒன்று" என்று கேட்டார்கள். சில ஆண்டுகளில் அவருடைய தொழிற்சாலை அமெரிக்காவிலேயே பெரிய டிரெய்லர் தொழிற்சாலை ஆகிவிட்டது.

மனைவி போட்ட நிபந்தனை

அதே காலத்தில் இன்னொருவரும் மழையோடு மல்லுக்கட்டினார். அவர் பெயர் வாலி பயாம்.

சிறு வயதில் அவர் ஆடு மேய்த்தார். கழுதை இழுக்கும் இரண்டு சக்கர வண்டிதான் அப்போது அவருக்கு வீடு. மண்ணெண்ணெய் அடுப்பும், தண்ணீரும், படுக்கையும் அதற்குள்ளேயே இருந்தன.

பெரியவராகித் திருமணம் ஆயிற்று. பயணம் போவதென்றால் பயாமுக்கு உயிர். ஆனால் அவர் மனைவி மரியனுக்குத் தரையில் கூடாரம் அடித்துத் தூங்குவது பிடிக்கவில்லை. சமையலறை இல்லாத இடத்துக்கு வர அவர் விரும்பவில்லை.

பயாம் ஒரு பழைய போர்டு காரின் அடிச்சட்டத்தை வாங்கினார். அதன்மேல் மேடை போட்டு, மேடைமேல் கூடாரம் அடித்தார். மழை வந்தால் அதுவும் தொல்லைதான். கடைசியில் கூடாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, கண்ணீர்த் துளி வடிவத்தில் நிலையான கூண்டு ஒன்றைக் கட்டினார். உள்ளே ஒரு ஐஸ் பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. மனைவியின் நிபந்தனை நிறைவேறியது!

சாலையில் போகும்போது வழியெல்லாம் மக்கள் நின்று பார்த்தார்கள். நூறு டாலரில் இப்படி ஒரு வண்டி கட்டுவது எப்படி என்று அவர் கட்டுரை எழுதினார். வரைபடத்தையும் விற்றார். அது ஏராளமாக விற்றது. பிற்பாடு "ஏர்ஸ்ட்ரீம்" என்ற பெயரில் பளபளக்கும் அலுமினிய வண்டிகளைச் செய்து உலகப் புகழ் பெற்றவர் இவரேதான்.

அந்த நாளில் அமெரிக்காவில் பணமுடை அதிகம். கடையில் விற்கும் வண்டியை வாங்கப் பலருக்கு வசதி இல்லை. ஆனால் கையில் ரம்பமும் சுத்தியலும் இருந்தன. ஆகவே ஆயிரக்கணக்கானவர்கள் தாங்களே கட்டத் தொடங்கினார்கள். இரண்டாவது உலகப் போர் முடிந்தபின் இந்த ஆசை இன்னும் பெருகியது. 1947-ம் ஆண்டில் "மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்" என்ற மாத இதழ் கண்ணீர்த் துளி வண்டியின் வரைபடத்தை வெளியிட்டது. அந்த வரைபடத்தைப் பார்த்து இன்றும் வண்டி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எட்டடிக்கு நாலடி

வண்டி எவ்வளவு பெரியது? பெரும்பாலும் 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம். நிமிர்ந்து நிற்க முடியாது. படுக்கத்தான் முடியும்.

ஏன் இந்த அளவு? காரணம் எளியது. அமெரிக்கக் கடைகளில் பிளைவுட் பலகை எட்டடிக்கு நாலடி என்ற அளவில்தான் விற்கிறது. மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்வதே பிளைவுட். ஒரு பலகை தரை. இரண்டு பலகைகள் இரண்டு பக்கச் சுவர்கள். வீணாவது மிகக் குறைவு.

முன்பக்கம் கணவனும் மனைவியும் படுக்க இடம். பின்பக்கம் வண்டியின் மூடியை மேலே தூக்கினால், அதுதான் சமையலறை! வெளியே நின்றபடியே சமைக்கலாம். தூக்கிய மூடியே தலைக்கு மேல் பந்தல் ஆகிவிடும்.

வளைந்த கூரை எப்படி வருகிறது? மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட்டை வெந்நீரால் நனைப்பார்கள். மரம் இளகிக்கொடுக்கும். மெதுவாக வளைத்து, குறுக்குக் கட்டைகள்மேல் பசை தடவித் திருகாணி முடுக்கிவிடுவார்கள். அவசரப்பட்டால் "படார்" என்று முறிந்துவிடும்.

உண்மையான எதிரி

கூண்டு எழும்பிவிட்டது. வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை. பாதிதான் முடிந்திருக்கிறது!

மர வண்டிக்கு எதிரி மேடும் பள்ளமும் அல்ல, தண்ணீர். மரத்தில் ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் கீழே இருக்கும்வரை அதை மக்கவைக்கும் பூஞ்சை வளராது. ஈரம் ஏறி, அப்படியே தங்கிவிட்டால் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் வண்டி புதிதாகத்தான் இருக்கும். உள்ளே மரம் பஞ்சாகிப்போயிருக்கும். ஒரு திருகாணித் துளை போதும். ஓர் ஆண்டு உழைப்பும் பணமும் அதன் வழியே போய்விடும்!

ஆகவே பூச்சு வேலை அழகுக்காக மட்டும் அல்ல. வண்டியின் ஆயுளே அதில்தான் இருக்கிறது.

முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். 80-ம் நம்பர், பிறகு 120, பிறகு 220 என்று படிப்படியாகப் போகிறார்கள். தூள் நெஞ்சுக்குள் போகாமல் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்கிறார்கள்.

அடுத்து, பலகையின் ஓரங்கள். பிளைவுட்டின் முகத்தைவிட அதன் வெட்டுவாய்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும். அங்கே நீர்த்த பூச்சை ஊற ஊறத் தடவுகிறார்கள். திருகாணித் துளைகளுக்கும் இதே வைத்தியம். தரையின் அடிப்பக்கத்துக்குத் தார் போன்ற கறுப்புப் பூச்சு.

வெளிச்சுவருக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, ஏழைகளின் வழி. மரத்தின்மேல் நீரில் கரையாத பசையைத் தடவி, கித்தான் துணியைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டுகிறார்கள். காய்ந்ததும் அதன்மேல் வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் பெயிண்டைப் பல தடவை பூசுகிறார்கள். துணியின் இழைகளில் பெயிண்டு இறங்கி, தோல் போல் இறுகிவிடுகிறது. அந்தக் காலத்தில் மரப் படகுகளின் மேல்தளத்துக்குச் செய்த வேலையும் ஏறக்குறைய இதுதான்.

மற்றொன்று, மரத்தின் அழகைக் காட்டும் வழி. மெல்லிய கண்ணாடி நார்த் துணியை விரித்து, எபாக்சி என்ற பசையை ஊற்றி இழுக்கிறார்கள். துணி கண்ணுக்கே தெரியாமல் மறைந்து, மரத்தின் ரேகைகள் பளிச்சென்று எழுகின்றன. ஆனால் வெயில் பட்டால் எபாக்சி மஞ்சளாகிக் கெட்டுவிடும். அதனால் வெயிலைத் தாங்கும் வார்னிஷ் அதன்மேல் பல கோட்டு வேண்டும். எபாக்சி சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

உள்பக்கத்துக்கு ஆளி விதை எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. இதில் ஓர் எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால், அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும்! வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைக்க வேண்டும்.

தண்ணீர்ப் பரீட்சை

பூச்சு காய்ந்ததும் பரீட்சை நடக்கிறது. ஒருவர் கையில் டார்ச் விளக்குடன் உள்ளே உட்காருகிறார். இன்னொருவர் ரப்பர் குழாயால் வெளியிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுகிறார்.

"ஒழுகுகிறதா?"

பெரும்பாலும் ஒழுகும்! முக்கியமாக, பின்மூடியின் கீல் இருக்கும் இடத்தில். அங்கே ரப்பர் பட்டை வைத்து மறுபடி அடைக்கிறார்கள். மறுபடி பரீட்சை. சொட்டுத் தண்ணீரும் உள்ளே வராத நாள்தான் அந்த வீட்டில் திருநாள்.

முன்பாரம், பின்பாரம்

சாலைக்கு வருமுன் இன்னும் சில காரியங்கள் உண்டு. வண்டிக்கு அரசாங்கத்திடம் பதிவு நம்பர் வாங்க வேண்டும். பின்னால் சிவப்பு விளக்குகளும், திரும்பும்போது மின்னும் விளக்குகளும் வேண்டும்.

பாரம் ஏற்றுவதிலும் கவனம் தேவை. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். பின்பாரம் அதிகமானால் ஏர்க்கால் மேலே தூக்கும். காரின் பின்னால் ஓடும் வண்டியில் அதுவே பேராபத்து. வேகம் கூடியதும் வண்டி வாலாட்டத் தொடங்கும். காரையே கவிழ்த்தாலும் கவிழ்த்துவிடும். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு காரின் கொக்கியில் அழுந்த வேண்டும் என்பது கணக்கு. 450 கிலோ வண்டி என்றால் 45 கிலோவுக்குக் குறையக்கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மழைக்குப் பயந்து எல்லாச் சந்துகளையும் அடைத்தாயிற்று. காற்றும் வராமல் போய்விட்டால்? உள்ளே கரியடுப்போ எரிவாயு அடுப்போ மூட்டினால் விஷவாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். அதனால்தான் சமையல் வெளியே. கூரையில் காற்றுத் துவாரம். இரண்டு பக்கமும் கதவு. தண்ணீர் வரக்கூடாது, காற்று வந்தே ஆக வேண்டும்!

மழையே, வா!

இவ்வளவு பாடுபட்டு எதற்காக ஒருவர் வண்டி கட்ட வேண்டும்? கடையில் கிடைக்காதா? இன்று எத்தனையோ வகை கிடைக்கிறது. ஆனாலும் கட்டுகிறார்கள். அப்பா அறுத்த பலகை, அம்மா தைத்த திரை, பிள்ளைகள் உப்புத்தாள் போட்ட கதவு என்று வண்டியில் எல்லோர் கையும் பட்டிருக்கிறது.

முதல் பயணம். முதல் இரவு. கூரையில் சடசடவென்று மழை விழுகிறது. உள்ளே படுத்திருப்பவர்கள் கையை நீட்டி மூலைகளைத் தடவிப் பார்க்கிறார்கள்.

காய்ந்திருக்கிறது!

போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.