கிராஃபீன்மேல் அமரும் புரதம்

யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் நம் நாட்டில் பெரும்பாலும் இரவு வேளையிலேயே தோலருகே ஓடும் ரத்தத்தில் சஞ்சரிக்கும் சுபாவமுடையவை; ஆதலால் இரவில் வீடு வீடாகச் சென்று விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சோதிப்பதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. அப்புழு ரத்தத்தில் கலக்கும் பொருளைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தை ஓர் அட்டையில் பதித்து, பட்டப்பகலிலேயே நோயைக் கண்டறியும் முறை பின்னர் வந்தது. நோய்க்கடத்திகளை ஆராயும் மத்திய நிலையம் 1975-இல் புதுச்சேரியில் நிறுவப்பட்டதால், அப்பிரதேசத்தைச் சேர்ந்த மண்ணாடிப்பட்டுக் கொம்யூன் வாசிகளுக்கு இந்நோயின் வரலாறு அந்நியமன்று. அட்டைக்குப் பதிலாக, மின்சாரம் பாயும் கிராஃபீன் படலத்தில் இத்தகைய புரதங்களை அமர்த்துவதே இன்றைய விஞ்ஞானிகளின் பிரயத்தனம்.

2004-இல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் ஆகியோர் பிரித்தெடுத்து, 2010-இல் நோபல் பரிசுக்குக் காரணமான கிராஃபீன், ஒற்றைக் கரியணுக் கனமே உடையது. அணுக்கள் அனைத்தும் மேற்பரப்பிலேயே இருப்பதால், அருகில் வந்தமரும் சிறு மின்னேற்றமும் அதில் ஓடும் மின்னோட்டத்தை மாற்றிவிடுகிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அஜய் சூட் குழுவினர், அயல்நாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மின்பகுபொருள் ஒன்றை கிராஃபீன் டிரான்சிஸ்டரின்மேல் இட்டு அதன் எலெக்ட்ரான் செறிவைப் பெரிதும் மாற்றலாமென்று நிரூபித்தார்கள்.

ஆனால், புரதத்தை நேரடியாக ரசாயனப் பிணைப்பால் பொருத்தினால், அறுகோண வலை சிதைந்து மின்னோட்டம் தடைப்படும். எனவே, பைரீன் என்னும் தட்டையான மூலக்கூறு கிராஃபீன்மேல் படிந்து ஒட்டிக்கொள்ள, அதனுடன் இணைந்த ரசாயனக் கை புரதத்தின் அமீன் தொகுதியைப் பற்றிக்கொள்ளும்படி செய்கிறார்கள். 2020-இல் கொரியாவில் கொரோனா கிருமியைக் கண்டறியும் எதிர்ப்புரதம் இவ்வாறே அமர்த்தப்பட்டது.

இன்னும் ஓர் இடர் உண்டு: ரத்தத்தையொத்த உப்பு நீரில் மின்னேற்றத்தின் செல்வாக்கு ஒரு நானோமீட்டருக்குள்ளேயே தேய்ந்துபோகிறது, எதிர்ப்புரதமோ சுமார் பத்து நானோமீட்டர் நீளமுடையது. ஆகவே உப்பின் செறிவைக் குறைத்தோ, குறுகிய புரதத் துண்டுகளைப் பயன்படுத்தியோ இவ்விடைவெளியைக் கடக்க முயல்கிறார்கள். கீர்த்தி கிராஃபீனுக்கு எவ்வளவு சேர்ந்தாலும், புரதத்தின் இயல்பு கெடாமலும் படலம் சிதையாமலும் இரண்டையும் இணைக்கும் வித்தையே இக்கருவியின் பிரயோசனத்தைத் தீர்மானிக்கும். பரிசோதனைச் சாலையின் தூய நீரிலன்றி, கிராமத்துச் சுகாதார நிலையத்தில் எடுக்கும் ரத்தத் துளியில் அது மெய்யுரைக்கும் நாளே அதன் வெற்றி நாளாகும்.