மூன்றாம் நாள் வரை காத்திருக்காதீர்கள்

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் திருவள்ளூர் மாவட்டத்தின் திருப்பாச்சூர், பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து எங்கள் மருத்துவமனைக்குக் கைக்குழந்தைகள் வர ஆரம்பிக்கின்றன. பெரும்பாலும் செங்கல் சூளையில் கல் அறுக்கும் குடும்பங்கள், அரிசி ஆலைக் கூலிகள், இருளர் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். குழந்தையின் கண் குழி விழுந்திருக்கும். நாக்கு வறண்டிருக்கும். அழும், கண்ணீர் வராது. எப்போதிலிருந்து என்று கேட்டால், "முந்தாநேத்துலேர்ந்தே வயித்தால போகுது டாக்டர்" என்பார்கள்.

முந்தாநாளே வந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு ஊசியே தேவைப்பட்டிருக்காது. வயிற்றுப்போக்கில் பெரும்பாலும் உயிரை எடுப்பது உடலில் நீரும் உப்பும் வற்றுவதுதான். அந்த நீரையும் உப்பையும் வீட்டிலேயே திருப்பிக் கொடுக்க முடியும்.

அந்த இரண்டு நாளில் நடப்பது

முதல் நாள், "பல்லு முளைக்குது, அப்படித்தான் போகும்" என்று பாட்டி சொல்கிறார். பல் முளைப்பதால் பேதி ஆகாது. அந்த வயதில் குழந்தை தவழ்கிறது, தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது. கிருமி அந்த வழியாகத்தான் போகிறது.

இரண்டாம் நாள், குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை நீவுகிறார்கள். சில இடங்களில் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குகிறார்கள். தொக்கம் எடுக்கிறேன் என்று வாயில் ஊதுகிறவர்களிடம் கொண்டுபோகிறார்கள். குடல் எங்கேயும் ஏறவில்லை. சோர்ந்து கிடக்கும் பிள்ளையைக் குலுக்கினால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உச்சிக்குழி உள்வாங்கினால் அண்ணத்தைக் கைவிரலால் மேலே தள்ளுகிறார்கள். அந்தக் குழி உள்ளே போவதற்குக் காரணம் தண்ணீர் வற்றியதுதான். விரலை வைத்துத் தள்ளி அதை நிரப்ப முடியாது. வசம்பைச் சுட்டு உரசி ஊற்றுவதும், பட்சி தோஷம் என்று கயிறு கட்டிவிட்டுக் காத்திருப்பதும் இதில் சேர்ந்தவை. கயிற்றைக் கட்டிக்கொள்ளுங்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. கட்டிய கையோடு உப்புச் சர்க்கரைத் தண்ணீரையும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"தண்ணி குடுத்தா இன்னும் போகுமே" என்று பாலையே நிறுத்திவிடுகிறார்கள். எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். போவதை நிறுத்தாமல் வருவதை நிறுத்தினால் பிள்ளை என்ன ஆகும்? தாய்ப்பாலை ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது. சோறு தின்னத் தொடங்கிய பிள்ளைக்குக் கஞ்சி, குழைத்த சோறு, வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம்.

அடுத்தது மெடிக்கல் ஷாப். "பேதி நிக்க ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கி, பெரியவர்களுக்கானதைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறார்கள். பேதியைக் கட்டும் லோபராமைட் மாத்திரை சின்னக் குழந்தையின் குடலை அசையவிடாமல் செய்து வயிற்றை உப்ப வைக்கும், உயிருக்கே ஆபத்தாகும். ஆன்டிபயாடிக் சிரப்பும் பெரும்பாலான பேதிக்குத் தேவையில்லை. பெரும்பாலும் மலத்தில் ரத்தம் வந்தால்தான் அதைப் பற்றிய பேச்சே, அதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். குளுக்கோஸ் ஏற்றினால்தான் தெம்பு வரும் என்பதும் தப்பு. வாயால் குடிக்க முடிகிற குழந்தைக்கு வாயால் கொடுப்பதே போதும்.

ஒரு பாக்கெட், ஒரு லிட்டர்

1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் போன்காவ் அகதிகளிடையே காலரா பரவியது. ஏற்றுவதற்கு டிரிப் பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலநாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்துவைத்து, கூட இருந்த சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அந்த எண்ணிக்கை நான்குக்கும் கீழே இறங்கியது. அன்று ஊட்டியவர்கள் நர்சுகள் அல்ல, தாய்மார்களும் அண்ணன் தம்பிகளும்தான்.

அதே வழியில் வந்த ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. முழு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கலந்தால் உப்பு கூடிப்போய் அதுவே கெடுதல் செய்யும். லிட்டர் அளவு தெரியாவிட்டால் ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலை வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் நல்லது. 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கரண்டியால் ஊட்டுங்கள். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடியும் மெதுவாகக் கொடுங்கள்.

கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானத்தை இதற்குப் பதிலாக வாங்காதீர்கள். சரியான அளவில் இல்லாத பானங்களின் மேல் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரே இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அவற்றில் சர்க்கரை அதிகம், பேதியைக் கூட்டும்.

ஓ.ஆர்.எஸ். கரைசலோடு துத்தநாக (ஜிங்க்) மாத்திரையையும் 14 நாள் கொடுக்க வேண்டும். பேதி நின்ற மறுநாளே அதை நிறுத்திவிடுகிறார்கள். முழுதும் கொடுத்தால்தான் அடுத்த சில மாதங்களுக்கு மறுபடி பேதி வருவது குறையும்.

சாதாரணப் பேதிக்குப் பரிசோதனைகள் பெரும்பாலும் தேவைப்படாது.

ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, குடிக்கவே முடியவில்லை, எழுப்பினாலும் கண் திறக்கவில்லை, மலத்தில் ரத்தம், வலிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வழியெல்லாம் கரைசலை ஊட்டிக்கொண்டே வாருங்கள். கண் திறக்காத, விழுங்க முடியாத பிள்ளைக்கும் வலிப்பு வந்த பிள்ளைக்கும் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அம்மா சாப்பிட்டாளா?

ஏன் சீக்கிரம் வரவில்லை என்று அந்தத் தாயைத் திட்டுவது சுலபம். அவள் நிலைமையையும் பாருங்கள். வெயிலுக்குப் பயந்து நள்ளிரவு தாண்டியே கல் அறுக்க இறங்குகிறாள். பிள்ளை சூளையோரத்தில் சாக்கில் கிடக்கிறது. அட்வான்ஸ் வாங்கியிருப்பதால் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கடன் நிற்கும், மேஸ்திரி சத்தம் போடுவார். ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து வந்தவளுக்கு நம் பேச்சும் புரியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் கணவன் பகலில் தூங்க வேண்டும், சிலர் குடித்துவிட்டுக் கிடக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மூச்சு வாங்குகிற அந்த உடம்போடுதான் அவள் ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கரண்டியால் ஊட்ட வேண்டியிருக்கிறது.

குழந்தை பிறந்த சில மாதங்களில் தாய்க்குக் காரணமில்லாமல் அழுகை, தூக்கமின்மை, பிள்ளையைத் தூக்கவே மனமில்லாமை இருந்தால், காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், குணமாகக்கூடியது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். அப்படிப்பட்ட தாயைத் தனியாக விடாதீர்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்து தமிழ்நாட்டில் 2017 முதல் இலவசம். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் கொடுக்க வேண்டும். வேறு ஊர்க்காரர்கள், ஆதார் இல்லை என்று தயங்காதீர்கள், தடுப்பூசி உங்கள் பிள்ளைக்கும் உண்டு. மலம் கழுவிய பிறகும், சோறு ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தண்ணீர்க் குடத்துக்குள் டம்ளரோடு கையை விடாதீர்கள்.

சூளை முதலாளிகளே, பெண்களுக்குக் கழிப்பறை கட்டுங்கள், குடிதண்ணீர்த் தொட்டியில் குளோரின் போடுங்கள், மேஸ்திரி கொட்டகையில் பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வையுங்கள். பிள்ளைக்குப் பேதி என்று ஒரு தாய் வந்து நின்றால் அன்றைய கூலியைப் பிடிக்காமல், உங்கள் வண்டியிலேயே திருவள்ளூர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள். முதல் நாளே அனுப்புங்கள்.