வந்து மறைந்துவிட்டால் போதுமா?

மேசை விளிம்பில் முழங்கை இடித்ததும் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் உணர்ந்திருக்கிறீர்களா? இடிபட்டது எலும்பு என்று நினைப்போம். உண்மையில் இடிபட்டது அல்நார் நரம்பு. முழங்கையின் உட்புறத்தில் அது தோலுக்குச் சற்றுக் கீழே, எலும்பை ஒட்டிச் செல்கிறது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சி தருவது அதுதான். அதனால்தான் இடித்தது முழங்கையில் என்றாலும் கூச்சம் விரல்களில் தெரிகிறது.

சப்பணமிட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். நரம்பு அழுந்தி, அதன் செய்திகள் தடைபடுவதே காரணம். எழுந்ததும் நரம்பு மீண்டும் இயங்கத் தொடங்க, ஊசி குத்துவதுபோல் இருக்கும். தேர்வுக் காலத்தில் இமை துடிப்பது நல்ல சகுனமும் அல்ல, கெட்ட சகுனமும் அல்ல. பெரும்பாலும் தூக்கக் குறைவு, களைப்பு அல்லது அளவுக்கு மிஞ்சிய காப்பி. இவை தானே சரியாகிவிடும்.

ஆனால், தானே சரியாகும் எல்லாமே சாதாரணமானவை அல்ல.

வகுப்பில் நண்பர் ஒருவர் பேச்சின் நடுவே திடீரென நின்று, 10 விநாடி வெறித்துப் பார்க்கிறார். அழைத்தாலும் பதில் இல்லை. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்கிறார். அடிக்கடி இப்படி நடந்தால், பகற்கனவு என்று கேலி செய்யாதீர்கள். கைகால் உதறாத ஒருவகை வலிப்பாக அது இருக்கலாம். மருந்தால் அதைக் கட்டுப்படுத்த முடியும். நடந்தது அவருக்கே தெரியாது என்பதால், பார்த்த நீங்கள்தான் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் தாத்தாவுக்குத் திடீரென வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சு குழறுகிறது. 10 நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. "ஒன்றுமில்லை, படுத்தால் போதும்" என்பார் அவர். அது தற்காலிகப் பக்கவாதமாக இருக்கலாம்: மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் சிறிது நேரம் செல்லவில்லை. அடுத்த சில நாள்களில் பெரிய பக்கவாதம் வரும் அபாயம் அதிகம். அறிகுறி மறையக் காத்திராமல் உடனே அழையுங்கள்: சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. திடீரென வரும் கடுமையான தலைவலிக்கும் பார்வை இழப்புக்கும் இதே விதிதான்.

உங்களுக்கே காரணம் தெரியாத மரமரப்போ துடிப்போ திரும்பத் திரும்ப வந்தாலும், நாளுக்கு நாள் கூடினாலும் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தப் பக்கம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் பார்க்கும் நேரத்தில் அந்த உணர்வு இருக்காது. உங்கள் குறிப்புதான் இருக்கும்.