கூரை பறந்த பிறகு

சித்திரை, வைகாசி மாதங்களில் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. காலை முழுவதும் வெயில் கொளுத்தும். பிற்பகலில் மேற்கே மலைமீது கருமேகம் திரளும். மழைக்கு முன்னே காற்று வந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடந்தான். ஓய்ந்தபின் தோட்டத்திற்குப் போய்ப் பார்த்தால் குலை தள்ளிய வாழைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடக்கும்.

அவை எந்தத் திசையில் சாய்ந்துள்ளன என்று எப்போதாவது கவனித்ததுண்டா? பெரும்பாலும் எல்லாம் ஒரே பக்கமாகவே சாய்ந்திருக்கும். இடிமேகத்தினுள் மழைத்துளிகள் ஆவியாவதால் குளிர்ந்து கனத்த காற்று விசையுடன் கீழே இறங்கித் தரையில் மோதிப் பரவுகிறது. வாழையைச் சாய்ப்பது அதுவே. டொர்னாடோ எனப்படும் சுழற்காற்று வேறு வகை. மேகத்தின் அடியிலிருந்து யானைத் துதிக்கைபோல் தொங்கி, சுழன்றுகொண்டே தரையைத் தொடுவது அது. அது கடந்த இடத்தில் ஒரு மரம் கிழக்கே கிடந்தால் அடுத்தது மேற்கே கிடக்கும்.

விழுந்தவற்றைப் பார்த்துக் காற்றை அறியும் இக்கலையை வளர்த்தவர் ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தெட்சுயா புஜிதா. 1945இல் அணுகுண்டு விழுந்த நாகசாகிக்குச் சென்று சேதத்தின் அமைப்பை ஆராய்ந்தவர் அவர். டொர்னாடோவின் வலிமையை அது விட்டுச் சென்ற சேதத்தைக் கொண்டு தரப்படுத்தும் அளவுகோலை 1971இல் வெளியிட்டார். காற்றின் வேகத்தை அளக்கும் கருவியே பெரும்பாலும் பறந்துவிடும்போது வேறு என்ன செய்வது?

டொர்னாடோ அமெரிக்காவுக்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். 1978 மார்ச் 17 அன்று தில்லிப் பல்கலைக்கழகத்தை அடுத்த வடபகுதியில் ஒரு டொர்னாடோ சில நிமிடங்களில் 28 பேரைக் கொன்றது. வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் தௌலத்பூர், சாட்டுரியா பகுதிகளை 1989 ஏப்ரல் 26 அன்று தாக்கிய டொர்னாடோவில் சுமார் 1,300 பேர் இறந்தனர். உலகில் வேறெந்த டொர்னாடோவும் இத்தனை உயிர்களைக் கொண்டதில்லை என்பர். அண்மையில், 2024 மார்ச் 31 அன்று, மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் மைனாகுரிப் பகுதி சிக்கியது. வங்காள விரிகுடாவின் ஈரக்காற்று தரையோரமாகவும், மேற்கிலிருந்து வறண்ட காற்று அதன் மேலாகவும் வேறு வேறு வேகத்தில் வீசும் இடம் அது. அந்த வேறுபாடே மேகத்தைச் சுழலச் செய்கிறது.

இனி, காற்று போன பிறகு நடப்பதைப் பார்ப்போம். 2018 நவம்பரில் வந்த கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று பல மாவட்டங்களை ஒருசேரப் புரட்டியது. பக்கத்து ஊரிடம் உதவி கேட்கலாமென்றால் அவ்வூருக்கும் அதே கதி. டொர்னாடோவின் பாதையோ குறுகியது. தில்லியில் அதன் அகலம் ஏறத்தாழ 50 மீட்டர். மாணிக்கஞ்சில் ஒன்றரைக் கிலோமீட்டர். ஒரு தெரு தரைமட்டமாகக் கிடக்க, அடுத்த தெருவில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். இடிபாட்டிலிருந்து ஆட்களை முதலில் இழுத்தெடுப்பவர்கள் அந்த அடுத்த தெருக்காரர்களே. மீட்புப் படையும் மருத்துவரும் பின்னால்தான் வந்து சேர்வார்கள்.

காயங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறக்கும் தகரம் கத்தி போன்றது. அது வெட்டிய இடத்தில் மண்ணும் மரத்துகளும் ஆழப் புதைந்துவிடும். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஜாப்ளின் நகரை 2011 மே 22 அன்று டொர்னாடோ தாக்கியது. சுமார் 160 பேர் இறந்தனர். பிழைத்தவர்களில் 13 பேருக்கு, மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சை காயத்தினுள் வளர்ந்தது. அவர்களில் ஐவர் இறந்தனர். மேலே தையல் போட்டு மூடிவிட்டால் போதாது, உள்ளே நன்கு கழுவவேண்டும் என்பதை மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

அடுத்தது கூரை. நம் ஊர்களில் தகரக் கூரை பறக்காதிருக்க மேலே கல்லை வைக்கிறோம். அது போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்று தரும் அழுத்தம், அதன் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோ என்க. வேகம் வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் எனில், அழுத்தம் சதுர மீட்டருக்கு 240 நியூட்டன். ஏறத்தாழ 24 கிலோ எடைக்குச் சமம். கூரைமீது காற்று விரைந்து செல்லும்போது இந்த அளவு விசை மேல்நோக்கி உறிஞ்சும். ஓரங்களிலும் மூலைகளிலும் ஏறத்தாழ இருமடங்கு உறிஞ்சும். 3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள தகரத்தின்மேல் 72 கிலோ. தகரத்தின் எடை 15 கிலோவைத் தாண்டாது. பத்துக் கிலோக் கற்கள் நான்கு வைத்தாலும் மொத்தம் 55தான்! வேகம் இரட்டித்து 40 மீட்டரானால் விசை நான்கு மடங்காகி 290 கிலோ. 80 மீட்டர் என்பது பெரிய டொர்னாடோக்களில் உள்ளதே. அப்போது ஒரு தகரத்தின்மேல் ஆயிரம் கிலோவுக்கும் அதிகம். கல் கூரையைக் காக்காது. கூரையோடு சேர்ந்து அதுவும் பறக்கும்.

வீட்டுக்கு உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகட்டும் என்று சன்னல்களைத் திறந்து வைக்கும்படி அமெரிக்காவில் முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். இது தவறென்று பின்னர் கண்டனர். உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளும்; மேலிருந்து உறிஞ்சல், கீழிருந்து உந்தல் என இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே, கூரை நிற்பது எடையால் அன்று, பிணைப்பால். கைமரத்தைச் சுவரோடும், சுவரை அடித்தளத்தோடும் இரும்புப் பட்டையால் பிணைத்தால் முழு வீட்டின் எடையும் கூரையைப் பிடித்துக்கொள்ளும். ஒக்லஹாமா மாநிலத்து மூர் நகரில் 2013 மே 20 அன்று 24 பேர் இறந்தனர். ஏழு பேர் ஒரே தொடக்கப் பள்ளியின் குழந்தைகள். மறு ஆண்டே, மணிக்கு 217 கிலோமீட்டர் காற்றைத் தாங்குமாறு புதுவீடுகளைப் பிணைத்துக் கட்ட வேண்டும் என்று அந்நகரம் விதி செய்தது. சிக்கல் எங்கே என்றால், வீடிழந்த ஏழையால் அவ்வளவு காத்திருக்க முடியாது. மழை வருமுன் தலைக்குமேல் ஏதாவது வேண்டும். வயலில் கிடக்கும் அதே தகரத்தை நிமிர்த்தி, பழைய ஆணியாலேயே மறுபடி அடிக்கிறான். உதவிப் பொருளோடு நான்கு இரும்புப் பட்டைகளையும் திருகாணிகளையும் சேர்த்துக் கொடுத்தால் செலவு பெரிதாக ஏறாது என்பது என் கருத்து.

ஜாப்ளினில் உயர்நிலைப் பள்ளிக் கட்டடம் அழிந்துபோயிற்று. ஆகஸ்டு 17 அன்று வழக்கம்போல் பள்ளி திறக்கும் என்று அறிவித்து, அப்படியே திறந்தார்கள். மேல் வகுப்புகள் நடந்தது வணிக வளாகமொன்றில் காலியாகக் கிடந்த கடையில். பள்ளி திறக்காவிட்டால் குடும்பங்கள் ஊரைவிட்டே போய்விடும் என்ற அச்சம் வீண் அச்சமன்று. கன்சாஸ் மாநிலத்தில் கிரீன்ஸ்பர்க் என்ற சிற்றூர் 2007 மே 4 அன்று நூற்றுக்கு 95 பங்கு அழிந்தது. 2000இல் 1,574 ஆக இருந்த மக்கள்தொகை 2010இல் 777. எஞ்சியவர்கள் ஊரைக் கட்டியபோது அருகில் பத்துக் காற்றாலைகளை நிறுவினார்கள். கயத்தாறு, சுரண்டைப் பக்கம் நீங்கள் பார்ப்பது போன்றவைதாம். மொத்தத் திறன் 12.5 மெகாவாட்.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ தகரக் கூரை இருந்தால் ஒரு தகரத்தின் நீள அகலங்களை அளந்து, வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் அதன்மேல் எவ்வளவு விசை என்று கணக்கிடுங்கள். பிறகு அந்தத் தகரத்தை எத்தனை கொக்கி ஆணிகள் பிடித்திருக்கின்றன, அவற்றில் துருப்பிடித்தவை எத்தனை என்று, ஏணியில் ஏறாமல், உட்புறமிருந்தே எண்ணிப் பாருங்கள்.