நோயின் கடுமையைக் குருதி முன்னுரைக்குமா?

காய்ச்சலும் இருமலுமாகப் பத்துப் பேர் ஒரே நாளில் மருத்துவமனைக்கு வருகின்றனர் எனக் கொள்வோம். பத்துப் பேரையும் பற்றியிருப்பது வைரசு எனப்படும் ஒரே நச்சுயிரிதான். ஆயினும், அவர்களுள் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடத் தொடங்குவர். ஒருவர் மட்டும் மூச்சுத் திணறிப் பிராணவாயுவின் துணையை நாடுவார். அந்த ஒருவர் யாவர் என்பதை முதல் நாளிலேயே அறிய இயலுமா? மருத்துவத்தில் இது பழைய வினா. 2020-ஆம் ஆண்டில் கோவிட்-19 நோய் பரவிப் பல நாடுகளில் படுக்கைகளும் பிராணவாயுவும் பற்றாமற்போனபோது, யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாரை நிறுத்திக்கொள்வது என்பது உயிரைப் பற்றிய கேள்வியாகிவிட்டது. அந்நோய் ஏமாற்றும் இயல்பும் உடையது. முதல் வாரத்தில் தேறி வருபவர்போல் காணப்பட்ட சிலர் இரண்டாம் வாரத் தொடக்கத்தில் திடீரெனத் தளர்ந்தனர்.

ஆகவே, மருத்துவர்கள் குருதியை எடுத்துச் சோதித்து விடை தேடினர். குருதியில் அளந்தறியக்கூடிய ஒரு பொருள் நோயின் போக்கைக் காட்டுமாயின் அதனைக் குருதிக்குறி எனலாம். இக்குறிகளுள் பெரும்பாலானவை நச்சுயிரியை அளப்பன அல்ல. நச்சுயிரியைக் கண்டு உடல் என்ன செய்கிறது என்பதையே அளக்கின்றன. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால்தான் பின்வருவன விளங்கும்.

முதலில் கூறத்தக்கது சி.ஆர்.பி. என்னும் புரதம். 1930-ஆம் ஆண்டில் நியூயார்க்கு ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லட், பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளரின் குருதிநீரை ஆராய்ந்தனர். நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த, ‘சி’ எனக் குறியிட்ட ஒரு பொருளை அக்குருதிநீருடன் கலந்தபோது வீழ்படிவு உண்டாயிற்று. நோய் நீங்கியபின் எடுத்த குருதியில் அவ்வாறு நிகழவில்லை. அந்தப் பாக்டீரியாவை எதிர்ப்பதற்கென்றே பிறந்த பொருளோ இது எனின், அன்று. வேறு பல காய்ச்சல்களிலும் இது தோன்றுவது விரைவில் தெரியவந்தது. உடலில் எங்கு அழற்சி ஏற்படினும் கல்லீரல் இதனைப் பெருக்குகிறது. எனினும், முதன்முதல் சோதித்த பாக்டீரியாவின் நினைவாகச் ‘சி’ என்னும் எழுத்து மட்டும் இன்றுவரை பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது!

கல்லீரலுக்கு இக்கட்டளையை இடுவது இன்டர்லூக்கின்-6 என்னும் தூதுப்பொருள். அதன் மரபணுவை 1986-இல் ஜப்பானில் ஓசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிஷிமோட்டோ குழுவினர் கண்டறிந்தனர். அத்தூதுப்பொருளை நேரே அளப்பது செலவு மிக்கது. அதன் கட்டளையால் விளையும் சி.ஆர்.பி.யை அளப்பதோ எளிது. நலமுடையோர் பெரும்பாலோரிடம் இப்புரதம் ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்கும். அழற்சி தொடங்கிய ஆறு மணி நேரத்தில் உயரத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்தை எட்டும். உற்பத்தி நின்றால் ஏறத்தாழ 19 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆதலால், ஒரு நாள் அளவைக் காட்டிலும், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள ஏற்ற இறக்கமே மருத்துவருக்கு மிகுதியாகப் பேசுகிறது.

இரண்டாவது, லிம்போசைட்டு என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை. வளர்ந்தவர்களின் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1,000 முதல் 4,000 வரை இருப்பவை இவை. 2003-இல் பரவிய சார்சு நோயிலும் பின்னர்க் கோவிட்-19 நோயிலும், நோய் முற்றியவர்களிடம் இவ்வெண்ணிக்கை வீழ்ந்தது. மலேசியச் சுகாதார அமைச்சு கோவிட் நோயாளரை அறிகுறியற்றவர் முதல் உயிருக்குப் போராடுபவர் வரை ஐந்து படிகளாக வகுத்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். அவ்வழிகாட்டலில், சி.ஆர்.பி. ஏறுவதும் லிம்போசைட்டு இறங்குவதும் எச்சரிக்கைக் குறிகளாகச் சேர்க்கப்பட்டிருந்தன.

மூன்றாவது டி-டைமர். குருதி உறைந்து கட்டியாகி, அக்கட்டி மீண்டும் கரையும்போது உண்டாகும் துணுக்கு இது. வூகான் நகரின் இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 191 பேரைப் பற்றிய ஆய்வு 2020 மார்ச்சில் வெளிவந்தது. அவர்களுள் 54 பேர் இறந்தனர். சேரும்போதே ஒரு மில்லிலிட்டரில் 1 மைக்ரோகிராமுக்கு மேல் டி-டைமர் இருந்தவர்களிடம் இறப்பு மிக அதிகமாக இருந்தது. நுரையீரலின் நுண்குழாய்களில் குருதி உறைகிறது என்பதற்கு இது ஒரு தடயம். ஆனால், முதுமையிலும் கருவுற்ற காலத்திலும் அறுவைக்குப் பின்னும் டி-டைமர் இயல்பாகவே உயரும். தனியே நின்று தீர்ப்புக் கூறும் தகுதி அதற்கு இல்லை.

இம்மூன்றும் ஒருவகையில் புகையைப் போன்றவை. தீப் பற்றிய பின்னரே புகை எழும். நோயின் இரண்டாம் நாள் எடுத்த குருதியில் எல்லாம் சீராக இருந்துவிட்டு, எட்டாம் நாள் எடுத்த குருதியில் எல்லாம் குலைந்திருக்கக்கூடும். எட்டாம் நாள் குறியை ‘முன்னறிவிப்பு’ என அழைப்பதில் பெரும் பொருளில்லை. அப்போது நோயாளியின் மூச்சே செய்தியைச் சொல்லிவிடும்.

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். நூறு நோயாளருள் பத்துப் பேருக்கு நோய் கடுமையாகும் என்க. ஒரு சோதனை அப்பத்தில் எட்டுப் பேரைச் சரியாகக் காட்டுகிறது. எஞ்சிய தொண்ணூறு பேரில் 18 பேரைத் தவறாகச் சுட்டுகிறது. சோதனை சுட்டியவர் மொத்தம் 26 பேர். உண்மையில் இடருக்கு உள்ளாவோர் அவர்களுள் எட்டுப் பேரே. ஆனால் ‘அச்சமில்லை’ என விடப்பட்ட 74 பேரில் 72 பேருக்கு அவ்விடை சரியாக அமைகிறது. நல்லதெனக் கருதப்படும் சோதனைகூட, அச்சுறுத்துவதைக் காட்டிலும் ஆறுதல் கூறுவதிலேயே நம்பத்தக்கதாக உள்ளது. அந்த ஆறுதலிலும் இருவர் தவறி விழுகின்றனர் என்பதை மறத்தல் கூடாது.

கொள்ளைநோயின் தொடக்க மாதங்களில் இத்தகைய கணிப்பு முறைகள் மழைக்காலத்துக் காளான்போல் முளைத்தன. 2020 ஜூலை முதல் நாள் வரை வந்தவற்றை ஆராய்ந்த ஓர் அனைத்துலகக் குழு, 232 கணிப்பு முறைகளைத் திரட்டி எடைபோட்டது. ஏறக்குறைய எல்லாமே பிழைபட்ட அடிப்படையில் அமைந்தவை என அக்குழு கண்டது. சிறுதொகை நோயாளரை வைத்து வகுத்த விதி, அடுத்த ஊருக்குப் போனால் பொய்த்துவிடுகிறது.

விதிவிலக்காக நின்றவற்றுள் ஒன்று பிரிட்டனின் ‘4சி’ மதிப்பெண் முறை. 260 மருத்துவமனைகளில் 35,463 நோயாளரைக் கொண்டு அதனை வகுத்து, வேறு 22,361 பேரிடம் சரிபார்த்தனர். 15 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றவர்களில் நூற்றுக்கு 62 பேர் இறந்தனர். 3-உம் அதற்குக் குறைவும் பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவரே இறந்தார். இம்முறையில் கேட்கப்படும் எட்டுச் செய்திகளுள் குருதியிலிருந்து பெறுபவை யூரியா, சி.ஆர்.பி. ஆகிய இரண்டே. வயது, பால், உடன் உள்ள நோய்கள், மூச்சின் வேகம், நினைவுத் தெளிவு, விரல்நுனிக் கருவி காட்டும் பிராணவாயு அளவு ஆகிய ஆறும் படுக்கையருகே நின்றே அறியத்தக்கவை! அன்றியும், இவ்வெண்கள் தடுப்பூசி வருவதற்கு முற்பட்ட காலத்தவை. மக்களின் எதிர்ப்பாற்றல் மாறியபின் அவற்றை அப்படியே கையாளுதல் பொருந்தாது.

அவ்வாறாயின், குருதிக்குறியால் பயன் என்ன? ஒரு குறி சிகிச்சையை மாற்றும் இடத்தில்தான் அதன் மதிப்பு வெளிப்படுகிறது. பிரிட்டனில் நடந்த ‘ரிகவரி’ ஆய்வு இதற்கு நல்ல சான்று. டெக்சாமெதசோன் என்னும் விலை குறைந்த மருந்து, செயற்கை மூச்சுக் கருவியில் இருந்தோரின் இறப்பை நூற்றுக்கு 41-இலிருந்து 29 ஆகக் குறைத்தது. பிராணவாயு தேவைப்படாதோருக்கோ அதனால் நன்மை ஒன்றும் தென்படவில்லை. அடுத்து, இன்டர்லூக்கின்-6-இன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்னும் மருந்தை ஆராய்ந்தபோது, பிராணவாயுக் குறைவுடன் சி.ஆர்.பி. 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் உடையவர்களை மட்டுமே தேர்ந்தனர். 2021-இல் வெளிவந்த முடிவின்படி, அவ்வாறு தேர்ந்த 4,116 பேரில், அம்மருந்து பெறாதோருள் நூற்றுக்கு 35 பேரும், பெற்றோருள் 31 பேரும் 28 நாளுக்குள் இறந்தனர். இருபத்தைந்து பேருக்கு மருந்து கொடுத்தால் ஓர் உயிர் எஞ்சுகிறது எனலாம். இன்டர்லூக்கின் இட்ட கட்டளையைக் கல்லீரலின் புரதத்தால் அறிந்து, அக்கட்டளையையே மறித்த செயல் இது.

புகையன்றி, தீப் பற்றுமுன்னரே கூரை காய்ந்திருப்பதைக் காட்டும் குறியும் ஒன்றுண்டு. நச்சுயிரி நுழைந்தவுடன் உடல் சுரக்கும் முதற் காவற்பொருள் இன்டர்பெரான். 1957-இல் லண்டனில் ஐசக்சு, லின்டன்மன் என்னும் இருவர் கண்டறிந்தது. சிலருடைய உடல் தன் இன்டர்பெரானையே பகையெனக் கொண்டு எதிர்ப்பொருள் உண்டாக்கி, அதனைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. காசனோவா என்னும் மருத்துவ அறிஞரின் குழு இதனை 2020-இல் வெளியிட்டது. உயிருக்கு இடையூறான நிலையிலிருந்த 987 கோவிட் நோயாளருள் 101 பேரிடம் இவ்வெதிர்ப்பொருள் இருந்தது. அவர்களுள் 95 பேர் ஆண்கள். நோய் இலேசாக வந்துபோன 663 பேருள் ஒருவரிடமும் இல்லை. நோய்க்கு முன் நலமாயிருந்த 1,227 பேருள் நால்வரிடம் மட்டுமே காணப்பட்டது. சி.ஆர்.பி. பிறந்த அதே ராக்பெல்லர் நிலையத்தில், பாரிசு நகர ஆய்வாளருடன் இணைந்து, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் இக்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது.

இந்த எதிர்ப்பொருள் நோயின் விளைவன்று, நோய்க்கு முன்னரே உடலில் இருப்பது. எழுபது வயதைக் கடந்தோரில், நோயற்றவரிடையே, நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரிடம் இது உள்ளதென 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இன்புளுவென்சாக் காய்ச்சலால் நுரையீரல் நோயுற்று உயிருக்குப் போராடிய, எழுபது வயதுக்குட்பட்டோருள்ளும் நூற்றுக்கு ஐவரிடம் இது இருந்தது. எல்லா மருத்துவமனைகளிலும் செய்யப்படும் வழக்கமான சோதனை அன்று இது. ஆனால், இவ்வெதிர்ப்பொருள் உடையவர் எனத் தெரிந்த முதியவருக்குத் தடுப்பூசியை முந்திக் கொடுக்கவும், காய்ச்சல் கண்ட முதல் நாளிலேயே நச்சுயிரியை அடக்கும் மருந்தைத் தொடங்கவும் மருத்துவருக்குக் காலம் இருக்கிறது.