புயலும் பெண்டிர் நலமும்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையால் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. 2015-லும் அவ்வாறே நேர்ந்தது. இத்தகைய நாட்களில் பெண்கள் தம் உடல்நலத்தைக் கடைசியாகவே நினைக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை, ஏமாறுவது அதனால்தான். வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. புதிய கட்டி, தோலில் குழிவு, காம்பில் இரத்தக் கசிவு இவற்றுள் எது தோன்றினாலும் மழை ஓயட்டுமெனக் காலங்கடத்தாது ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுக வேண்டும். கட்டிகளிற் பல புற்றல்ல. எனினும் சோதித்தாலன்றித் தெரியாது.

ஏற்கெனவே புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்வோருக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கக் கூடும். வெள்ளநீர் அவர்களுக்குப் பிறரினும் கேடானது. பஞ்சாயத்து உறுப்பினர்கள் அன்னார் இல்லங்களைப் புயலுக்கு முன்பே அறிந்துவைத்து, படகு வந்ததும் அவர்களையே முதலில் ஏற்ற வேண்டும். சிகிச்சைக் குறிப்பேடு நனையாத உறையில் கையோடு செல்லட்டும்.